மத்தளம்பாறைக்கு வந்த டாலர்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக்கு ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் எட்டிப் பார்க்கும். இந்த வட்டாரத்தில் வயலை விட்டால் பெண்கள் பலருக்குப் பிழைப்பு பீடி சுற்றுவது. படித்த பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். அப்படிப்பட்ட பகுதியில் 2011-ல் ஜோஹோ நிறுவனம் ஓர் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாள உலகின் பல நாடுகளில் நிறுவனங்கள் சந்தா கட்டிப் பயன்படுத்தும் ‘ஜோஹோ டெஸ்க்’ இங்கே உருவான மென்பொருள்தான்.

ஒரு நிறுவனம் வேகமாக வளர்ந்தால் வேலை பெருகும் என்பது எல்லோரும் சொல்வது. அந்த வேலை எந்த ஊரில் பெருகும் என்பதுதான் கேள்வி.

அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பிர்ச் நிறுவனங்களை யானை, எலி, மான் என்று பிரித்தார். யானைகள் ஏராளமானோருக்குச் சம்பளம் தரும். புதிதாக ஆள் சேர்ப்பது குறைவு. எலிகள் தெருக்கடை மாதிரி, சிறிதாகப் பிறந்து சிறிதாகவே இருக்கும். புதிய வேலைகளில் பெரும்பங்கு, எண்ணிக்கையில் மிகக் குறைவான மான்களிடமிருந்தே வருகிறது என்பது அவர் கண்டது. மான் என்பது ஆண்டுக்கு 20 சதவீதமாவது வளரும் நிறுவனம்; அந்த வேகத்தில் நான்கே ஆண்டில் விற்பனை இரட்டிப்பாகும். உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பி அந்த ஓட்டத்தை நெடுநாள் தாங்க முடியாது. அதனால்தான் மான்கள் சீக்கிரமே வெளிநாட்டுக்குத் தாவுகின்றன.

மென்பொருளுக்குத் துறைமுகம் வேண்டாம், லாரி வேண்டாம். டெக்சாஸில் கட்டும் சந்தா தென்காசியில் சம்பளமாகி, வீட்டு வாடகையாக, மெஸ் பாக்கியாக, பைக் தவணையாகக் கைமாறுகிறது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் என்ரிகோ மொரெட்டி, ஓர் உயர்தொழில்நுட்ப வேலை அதே நகரில் வேறு ஐந்து வேலைகளை உண்டாக்குவதாகக் கணக்கிட்டார். அந்த ஐந்தை அப்படியே தென்காசிக்குப் பொருத்த முடியாது. ஆனால், டீக்கடைக்காரரைக் கேட்டால் திசை சரி என்பார்.

பிறகு ஏன் எல்லோரும் கிராமத்துக்கு வருவதில்லை? வெளி முதலீட்டில் ஓடும் நிறுவனத்துக்கு அவசரம் அதிகம். ஆள் சட்டென்று கிடைக்கும் நகரத்தையே தேடும். 2010-ல் சென்னையில் பிறந்த மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது அதன் தலைமையகம் கலிஃபோர்னியாவில் இருந்தது. அது குற்றமில்லை, அந்தப் பாதையின் இயல்பு. 1996-ல் தொடங்கிய ஜோஹோ வெளி முதலீட்டாளர்களை நம்பாமல் வளர்ந்ததால் பொறுமைக்கு இடம் இருந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-ல் மத்தளம்பாறைக்கே குடிவந்தார்.

என் கணிப்பில், அலுவலகக் கட்டடத்தைவிட முக்கியமானது பள்ளி. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்துத் தொழில் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளியை ஜோஹோ 2005-லேயே தொடங்கிவிட்டது. தென்காசியிலும் அது நடக்கிறது. இது இல்லையென்றால், கிராமத்து அலுவலகம் என்பது நகரத்து ஆட்களை மலைக்காற்று வாங்க அனுப்பிவைப்பதாக முடிந்திருக்கும்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோஹோ ஊழியர்களில் பெரும்பாலோர் இன்றும் சென்னை வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். ஒரே நிறுவனத்தை நம்பும் ஊருக்கு ஸ்ரீபெரும்புதூர் ஒரு பாடம். அங்கே 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. வரித் தகராறும் சந்தைச் சரிவும் சேர்ந்து 2014-ல் அது மூடப்பட்டது. செல்போன் உதிரிபாகம் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை வாங்குவதற்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் அங்கே வேலை பார்த்த பெண்கள் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

முதலீட்டாளர் மாநாடுகளில் எத்தனை கோடி, எத்தனை ஆயிரம் வேலை என்று அரசு அறிவிக்கிறது. எந்தத் தாலுகாவில், அந்தத் தாலுகாவில் படித்த எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்து அறிவிக்கட்டும்.