தோட்டத்து லீக்ஸைச் சேமித்து வைப்பது எப்படி?

பணி மாற்றம் பெற்று நீலகிரியில் குடியேறிய முதல் ஆண்டில், குடியிருப்பின் பின்புறத்து நிலத்தில் லீக்ஸ் பயிரிட்டோம். விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தது. மகிழ்ச்சியில் அத்தனையையும் ஒரே நாளில் பிடுங்கி, அவசரமாக நறுக்கி, ஒரே பையில் இட்டு ஃப்ரீசரில் திணித்தோம். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது அது பாறைபோல் இறுகியிருந்தது. உடைத்துச் சூப் வைத்தால் பல்லில் மண் நறநறத்தது. அருகில் இருந்த ஐஸ்கிரீமிலும் வெங்காய வாடை ஏறியிருந்தது. பல மாத உழைப்பு எருக்குழிக்குப் போயிற்று.

அந்த இழப்பில் நாங்கள் கற்றது ஒன்றே: எதை எப்போது பயன்படுத்தப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், சேமிக்கும் முறை அதைப் பொறுத்தது. அன்றாடச் செலவுக்கான பணத்தையும் நீண்ட கால வைப்புக்கான பணத்தையும் நாம் ஒரே கணக்கில் வைப்பதில்லை அல்லவா?

உடனடித் தேவைக்கு

லீக்ஸுக்கு மிகச் சிறந்த பெட்டகம் அது விளைந்த மண்ணே. முற்றியவுடன் பிடுங்கியாக வேண்டிய பயிர் அன்று அது. தேவைக்கேற்ப இரண்டு மூன்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் பூந்தண்டு தோன்றத் தொடங்கினால் தாமதிக்கலாகாது. உட்பகுதி கட்டைபோல் கடினமாகிவிடும். பிடுங்கியதைக் கழுவாமல், வேர் நுனியை மட்டும் கத்தரித்து, தளர்வாகச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்திற்கு மேலும் வாடாமல் இருக்கும்.

நீண்ட காலத் தேவைக்கு

வெங்காயம், பூண்டு இவற்றின் இனத்தைச் சேர்ந்ததாயினும், லீக்ஸ் குமிழாகத் திரள்வதில்லை. தண்டு வெண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக அடியில் மண் அணைக்கிறோம். அந்த மண்தான் மடல்களுக்கிடையே புகுந்துகொள்கிறது. ஆகவே தண்டை நீளவாக்கில் பிளந்து, மடல்களை விரித்து, ஓடும் நீரில் அலசிய பிறகே நறுக்க வேண்டும்.

நறுக்கிய துண்டுகளைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் இட்டெடுத்து, உடனே பனிக்கட்டி நீரில் குளிர்விக்க வேண்டும். நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகளின் செயல் இதனால் அடங்கும். ஓரிரு மாதத்திற்குள் தீர்ந்துவிடுமென்றால் இப்படி வெந்நீரில் இடாமலும் உறையவைக்கலாம்.

அடுத்து, ஈரத்தைத் துணியால் நன்கு ஒற்றியெடுத்து, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறையவையுங்கள். கெட்டியான பின் ஒரு வேளைச் சமையலுக்கு ஒரு பை என்ற அளவில் பிரித்து, காற்றை வெளியேற்றி மூடுங்கள். துண்டுகள் ஒட்டாமல் உதிரியாக நிற்கும். பைகளை இறுக மூடும் டப்பாவிற்குள் வைத்தால் வாடை பரவாது. சமைக்கும்போது பனி உருகக் காத்திராமல் நேரே வாணலியில் இடலாம்.

உப்பில் இடுதல்

மின்தடை மிகுந்த மழைக்காலத்தில் ஃப்ரீசரை மட்டும் நம்ப இயலாது. வெயிலின்மையால் வற்றல் போடவும் வழியில்லை. அதனால் ஒரு பகுதியை உப்பில் இடுகிறோம். பொடியாக நறுக்கி ஈரம் போக்கிய ஒரு கிலோ லீக்ஸுக்கு 200 கிராம் உப்பு. நன்கு பிசைந்து, கண்ணாடிப் புட்டியில் அழுத்தி நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறோம். சூப், குருமா ஆகியவற்றில் ஒரு கரண்டி சேர்த்தால் தனியே உப்பு இடத் தேவையிராது. கடினமான பச்சை இலைகளுக்கும் இம்முறை பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை

பச்சை லீக்ஸை எண்ணெயில் மூழ்கவைத்து அறை வெப்பத்தில் சேமித்தல் கூடாது. புளிப்பற்ற, காற்றுப் புகாத அச்சூழலில், மண்ணிலிருந்து வரும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிர் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். நிறமோ மணமோ மாறாமலேயே அந்நஞ்சு இருக்கலாம்.

நிறைவாக, ஒவ்வொரு பையின் மீதும் நாளைக் குறித்துவையுங்கள். முதலில் வந்த சரக்கே முதலில் வெளியேற வேண்டும் என்று வணிகவியல் வகுப்பில் படித்ததை, நாங்கள் அடுக்களையில்தான் முழுமையாக உணர்ந்தோம். இரண்டாம் ஆண்டு விளைச்சலில் ஒரு தண்டுகூட எருக்குழிக்குப் போகவில்லை.