மேசை மேலே ஒரு காடு... ஆடும் உண்டு, புலியும் உண்டு!

குட்டீஸ், உங்கள் வீட்டில் பழைய அட்டைப் பெட்டி இருக்கிறதா? செய்தித்தாள், துடைப்பக் குச்சி, வடிகட்டிய டீத்தூள் சக்கை... இதெல்லாம் குப்பைக்குப் போகிற பொருட்கள்தானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! இவற்றை வைத்தே மலை, குளம், பனைமரம் கொண்ட ஒரு குட்டிக் காட்டை உருவாக்கலாம். அது வெறுமனே பார்த்து ரசிக்க மட்டுமல்ல. அதன் மேலேயே ஆடுபுலி ஆட்டம் ஆடலாம்!

கொலு 'பார்க்' தெரியுமா?

குட்டி ஊர் செய்யும் கலை நமக்குப் புதிதல்ல. நவராத்திரி கொலுவில் படிகளுக்குக் கீழே குழந்தைகள் 'பார்க்' அமைப்பார்கள். மண்ணைக் குவித்தால் மலை. முகம் பார்க்கும் கண்ணாடியை மண்ணில் பதித்தால் குளம். தீப்பெட்டிகளை வரிசையாக ஒட்டினால் ரயில். நாலைந்து நாள் முன்பே கேழ்வரகு, கடுகு, வெந்தயம் தூவித் தண்ணீர் தெளித்தால், பச்சைப் பசேல் என்று 'வயல்' தயார்!

அந்த பார்க்கில் நிற்கும் குட்டிப் பொம்மைகளில் பல எங்கிருந்து வருகின்றன தெரியுமா? கடலூர் மாவட்டம், விருத்தாசலத்திலிருந்து! கம்மாபுரம், நெய்வேலி எல்லாம் இதன் அக்கம்பக்கத்து ஊர்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. பீங்கானுக்கு ஏற்ற மண் அது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் விருத்தாசலத்தில் உண்டு.

பொம்மைக்குள் ஏன் ஓட்டை?

பீங்கான் பொம்மை ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் ஓர் ஓட்டை இருக்கும். உள்ளே ஒன்றுமே இருக்காது. ஏன் தெரியுமா?

களிமண்ணைக் கூழ்போல் கரைத்து, பிளாஸ்டர் ஆப் பாரீஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளும். அதனால் அச்சின் உட்சுவரை ஒட்டிய களிமண் மட்டும் கெட்டியாகிவிடும். நடுவில் மீதமிருக்கும் கூழைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் பொம்மை வெளியே வரும். உள்ளே காலியாக இருப்பதால் மண்ணும் மிச்சம், எடையும் குறைவு. பிறகு அதைக் காயவைத்து, 1,000 டிகிரி செல்சியசுக்கும் மேலான சூட்டில் சுடுவார்கள். அதன்பின் தண்ணீர் பட்டாலும் கரையாது.

இந்த வித்தையைத்தான் நாமும் கொஞ்சம் மாற்றிச் செய்யப் போகிறோம்.

தரையில் விளையாடிய எழுத்தாளர்

வெளிநாட்டிலும் இந்த ஆசை உண்டு. கால இயந்திரக் கதை எழுதிய இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், தன் மகன்களோடு தரையில் உட்கார்ந்து மரப்பலகையால் தீவுகளும் ஊர்களும் அமைத்து விளையாடியவர். தோட்டத்துச் சுள்ளிகள்தான் அவருக்கு மரங்கள்! அந்த விளையாட்டுகளைப் பற்றி 1911லும் 1913லும் இரண்டு புத்தகங்களே எழுதிவிட்டார். இன்றும் பல நாடுகளில் பெரியவர்கள்கூட மேசை மேல் குட்டி மலை, கோட்டை செய்து, பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடுகிறார்கள்.

நமக்கோ ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது! அந்தக் காலத்தில் திண்ணையிலும் கோயில் கல்தரையிலும் கோடு போட்டு ஆடினார்கள். இன்று ஆட ஆள் இல்லாமல் அந்தக் கோடுகள் பல ஊர்களில் சும்மா கிடக்கின்றன. அதை நம் வீட்டு மேசைக்குக் கொண்டு வருவோமா?

முதலில் ஒரு கணக்கு!

குட்டிக் காடு நிஜம்போல் தெரிய, எல்லாம் ஒரே அளவில் சுருங்க வேண்டும். 60 செ.மீ. உயர ஆட்டை 2 செ.மீ. ஆக்கினால், 30 மடங்கு சுருக்கியிருக்கிறோம். அப்படியானால் 90 செ.மீ. உயரப் புலி 3 செ.மீ. இருக்க வேண்டும். 3 மீட்டர் உயர வீடு 10 செ.மீ. ஆகும். சரி, 15 மீட்டர் பனைமரம்? 50 செ.மீ.! மேசையில் அது ரொம்ப உயரம். ஆகவே மரத்தை மட்டும் பாதியாக, 25 செ.மீ.க்குச் செய்யலாம். இளம் பனை என்று சொல்லிக் கொள்வோம்!

தேவையான பொருட்கள்:

60 செ.மீ. நீள, அகலம் உள்ள கெட்டி அட்டை, செய்தித்தாள், மைதா பசை, பழைய கிண்ணம், தேங்காய் எண்ணெய், மணல், உலர்ந்த டீத்தூள் சக்கை, சாக்லெட் சுற்றிய வெள்ளித்தாள், துடைப்பக் குச்சி, பச்சைக் காகிதம், வாட்டர் கலர், 15 புளியங்கொட்டை, 3 கொட்டைப்பாக்கு.

செய்முறை:

1. அட்டையின் அடியில் 48 செ.மீ. கோடு போடுங்கள். அதில் 16 செ.மீ.க்கு ஒரு புள்ளியாக 4 புள்ளிகள் வையுங்கள். அதன் நடுவிலிருந்து 50 செ.மீ. மேலே ஓர் உச்சிப் புள்ளி. உச்சியிலிருந்து 4 புள்ளிகளுக்கும் கோடு இழுங்கள்.

2. உச்சியிலிருந்து 20, 30, 40 செ.மீ. கீழே, அடிக்கோட்டுக்கு இணையாக மூன்று குறுக்குக் கோடுகள் போடுங்கள். ஒவ்வொன்றும் 48 செ.மீ. நீளம். அவற்றின் இடது ஓரங்களை ஒரு கோட்டாலும், வலது ஓரங்களை ஒரு கோட்டாலும் சேருங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோட்டிலும் ஆறாறு, அடியில் 4. மொத்தம் 23 வந்தால் சரி!

3. கிண்ணத்தைக் கவிழ்த்து, வெளிப்பக்கம் எண்ணெய் தடவுங்கள். பசையில் நனைத்த காகிதத் துண்டுகளை அதன் மேல் ஐந்தாறு அடுக்கு ஒட்டுங்கள். நன்றாக வெயிலில் காய்ந்ததும் கழற்றினால், பீங்கான் பொம்மைபோலவே உள்ளே காலியான மலை! காகிதத்தைக் கசக்கி ஒட்டினால் பாறை மடிப்பும் வரும்.

4. உச்சிக்கு இடப்பக்க மூலையில் மலையை ஒட்டுங்கள். வலப்பக்க மூலையில் வெள்ளித்தாளை ஒட்டி, சுற்றிலும் மணல் தூவினால் குளம். கோடுகளுக்கு இடையே பசை தடவி டீத்தூள் தூவினால் காட்டு மண். கோடும் புள்ளியும் மறையக் கூடாது.

5. குச்சிகளைக் கட்டி, நுனியில் பச்சைக் காகித ஓலை செருகினால் பனைமரம். அதைப் பின்மூலைகளில் மட்டும் நிறுத்துங்கள். முன்னால் நின்றால் புலி தெரியாது!

கவனம்: அட்டை வெட்டப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது விஷம், நமக்கு வேண்டாம். தெர்மகோலும் வேண்டாம். ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் உருகிப்போகும். குப்பையில் போட்டாலோ மக்கவே மக்காது.

ஆடுவது எப்படி?

இருவர் ஆடலாம். உச்சியிலும், அதற்குக் கீழுள்ள கோட்டின் நடு இரண்டு புள்ளிகளிலும் 3 புலிகள். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டைக் காலிப் புள்ளியில் வைப்பார். உடனே ஒரு புலி நகரும். 15 ஆடுகளையும் வைத்து முடித்த பிறகுதான் ஆடுகள் நகரலாம். ஆட்டுக்குப் பின்னால் நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி அதைத் தாண்டி வெட்டிவிடும். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பதை முன்பே பேசிக் கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் கணக்கு மாறும். 3 புலிகளும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

ஆட்டுக்காரருக்கு ஒரு ரகசியம்! இரண்டு ஆடுகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றால் புலியால் தாண்ட முடியாது. தனியாகப் போகிற ஆடுதான் முதலில் மாட்டும்.

இந்த முறை கொலு பார்க்கை இப்படி அமைத்துப் பாருங்கள். சுண்டல் வாங்க வரும் நண்பர்கள் பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போவார்கள். தாத்தா, பாட்டியையும் கூப்பிடுங்கள். புலியை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்... ஜாக்கிரதை!