சங்கைத் தின்னும் அலமாரி!

பரணில் இடமில்லை என்று அலுத்துக்கொள்கிறீர்களா, சகோதரிகளே? வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலைக்கும் அதே தொல்லைதான்! உலகிலேயே மிகப் பெரிய சங்கு, சிப்பி, நத்தைச் சேகரிப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது. சேகரங்கள் பெருகவே, 1983-ல் அடுத்துள்ள மேரிலாண்டில் தனிக் களஞ்சியமே திறந்தார்கள்.

இடம் இருந்தால் மட்டும் போதுமா? மர இழுப்பறையில் வைத்த சங்குகள் வெண்பொடி பூத்து அரிக்கப்படுவதை 1899-ல் பைன் என்ற ஆங்கிலேயர் விவரித்தார். மரத்திலிருந்து கசியும் காடி ஆவி, சுண்ணாம்பு ஓட்டைத் தின்றுவிடுகிறதாம்! போனால் திரும்பாத பொக்கிஷமல்லவா? ஆகவே எஃகு அலமாரிதான் உத்தமம். அதையும் தண்டவாளத்தில் நகரவைத்தால், நடக்க ஒரே சந்து போதும். மிச்ச இடமெல்லாம் சங்குக்கே!

உங்கள் சோழிகள் மரப்பெட்டியிலா இருக்கின்றன? வெண்பொடி தெரிந்தால் அலசி, நன்றாக உலர்த்தி, கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிடுங்கள்.