புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டி, ஃபில்டர், கலர் கல், பிளாஸ்டிக் செடி எல்லாம் வாங்குகிறோம். கையோடு ஆறு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கி, அன்று மாலையே தண்ணீர் நிரப்பி விட்டுவிடுகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். புதன்கிழமை முதல் மீன் மிதந்தது. அடுத்த ஞாயிறுக்குள் ஒன்றுதான் மிச்சம். தண்ணீரோ கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. கடைக்காரர் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று வீட்டில் தீர்ப்பானது. பாவம், அவர் மேல் தவறில்லை.

மீன் தன் கழிவில் பெரும்பங்கை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். பழகிய தொட்டியில் இதைத் தின்ன பாக்டீரியா இருக்கும். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தப் பாக்டீரியா தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டிக் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அது அனேகமாக இல்லை. போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதுவரை அம்மோனியா செவுளை அரிக்கிறது. நைட்ரைட் ரத்தத்தில் கலந்து, ஆக்ஸிஜன் சுமக்கும் வேலையைக் கெடுக்கிறது. பம்ப் குமிழ் விட்டுக்கொண்டே இருக்க, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நாம் காற்று போதவில்லை என்று பெரிய பம்ப் வாங்கப் போவோம்.

பால் தயிராக வேண்டுமென்றால் உறை ஊற்றுகிறோம் அல்லவா? தொட்டிக்கும் அதே வழி உண்டு. மீன் நோயில்லாமல் நன்றாக வளரும் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கிவந்து, காயவிடாமல் உங்கள் ஃபில்டரில் வைத்துவிடுங்கள். பாதி வேலை முடிந்தது. அப்படி நண்பர் இல்லையென்றால், மீன் விடாமலே ஃபில்டரை ஓட்டி, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடுங்கள். மீன் சாமான் கடையில் டெஸ்ட் கிட் கிடைக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கி, நைட்ரேட் மட்டும் தெரிகிற நாளில் மீன் வாங்கப் போகலாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மீனையும் தாக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள், அல்லது வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கப்பியும் மோலியும் சந்தோஷமாகவே இருக்கும். சுத்தம் என்று நினைத்து முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றாதீர்கள். அதில் மீனுக்கு வேண்டிய தாதுக்கள் அனேகமாக இருக்காது, அமிலத்தன்மையும் சட்டென்று மாறிவிடும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர். கோல்டு ஃபிஷ் அரையடிக்கு மேல் வளரும், கழிவும் அதிகம். ஆறு அதற்குள் கட்டாது. முதல் தொட்டிக்கு ஐந்து கப்பி போதும். அல்லது ஒரே ஒரு ஃபைட்டர். அது மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும் என்பதால் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். விற்கும்வரை அது சரி, வளர்க்க அல்ல.

மீனை ஏற்கெனவே விட்டுவிட்டீர்களா? தினமும் கால் பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள். தீனி இரண்டு நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. குழந்தைகளிடமிருந்து டப்பாவை ஒளித்து வைப்பது உத்தமம். ஃபில்டரை ராத்திரி அணைக்காதீர்கள். தண்ணீர் ஓட்டம் நின்றால் ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் போகாது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் குழாயடியில் பிழியாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். காரணம் தெரியாமல் மீன் நோய்க்கென்று விற்கும் நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம், அது நல்ல பாக்டீரியாவையும் அழிக்கக்கூடும்.

ஒன்றிரண்டு மீன் பிழைத்து நின்றால் அவையே தொட்டியைப் பழக்கிவிடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் பூஜ்யத்திலேயே நிற்கும்வரை அவற்றுக்குத் துணை தேடிக் கடைப் பக்கம் போகாதீர்கள்.