நேட்டாலுக்குப் போன பங்காளி நிலம் கேட்டு வருவாரா?

கலசபாக்கம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். குலைநோய், யூரியா அளவு என்று வழக்கமாக வரும் கேள்வி அல்ல. ‘எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி வெள்ளைக்காரன் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிப் போனவர். அவர் வழி வந்ததாகச் சொல்லி, தென் ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் தொடர்புகொள்கிறார். இங்கே வந்து எங்களைப் பார்க்க வேண்டும், நாங்களும் அங்கே வர வேண்டும் என்கிறார். பதில் போடாதே, நாளைக்கு நிலத்தில் பங்கு கேட்பான் என்று அண்ணன்மார் தடுக்கிறார்கள். என்ன செய்வது?’

இந்தக் கடிதம் என் கைக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. போன வருடம் ஈஸ்டர் சமயத்தில் டர்பன் நகரத்துக்குப் போய், இதே மாதிரி ஓர் உறவைப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

நிலத்தைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அந்தப் பயம் தீராமல் வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், நம் நாட்டில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசு முறையில் வருவது வேறு விஷயம். அதற்குத் தடை இல்லை. ஆனால் உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துக்குப் பிறகு பாகப்பிரிவினை, கிரயம், யூ.டி.ஆர். பட்டா என்று எத்தனையோ நடந்து, நிலம் உங்கள் அனுபோகத்திலேயே இருந்து வந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப்போய் ஒரு வக்கீலிடம் காட்டி, மனதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அண்ணன்மாரையும் கூடவே அழைத்துப் போங்கள்.

இனி, போனவர் கதை. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர். சென்னை வழியாகப் போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் மிக அதிகம். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலியும் படியரிசியும், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். பத்து வருடம் தாக்குப்பிடித்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம் உண்டு. 1895-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தவர் மறுபடி கூலியாகவோ ஊருக்கோ போகாமல் அங்கேயே நின்றால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி. முதல் வருடக் கூலி மொத்தமே 6 பவுன்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வரியை எதிர்த்துத்தான் 1913-இல் கரும்புத் தோட்டத்துக்காரர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் காந்தியோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருடம் வரி ஒழிந்தது.

எங்கள் வீட்டிலிருந்து போனவர் என் தாத்தாவுக்குச் சித்தப்பா. ‘நேட்டால் போனவர்’ என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. டர்பனில் இருக்கும் அவருடைய பேத்தி, முறைக்கு எனக்கு அத்தை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தாத்தாவின் ஒப்பந்தம் முடிந்ததற்கான சீட்டு ஒன்றை அவர் வைத்திருந்தார். அதில் ஒரு எண் இருந்தது. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு காலனி எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு கப்பல் பதிவேட்டைத் தேடினால் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பல் பெயர் எல்லாம் கிடைக்கும். பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் இந்தக் கப்பல் பட்டியல்களைப் பார்க்கலாம்.

ஆனால் அத்தை பல வருடம் வட ஆற்காட்டிலேயே எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் இருந்ததோ தென் ஆற்காடு ஜில்லா, ‘ட்ரினாமலி’ தாலுகா. எழுத்தர் தவறாக எழுதிவிட்டார் என்று நினைத்தாராம். எழுத்தர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென் ஆற்காட்டில்தான் இருந்தது. அந்த ஆண்டுதான் வட ஆற்காட்டோடு சேர்ந்தது. 1989-இல் தனி மாவட்டம் ஆனோம். போளூர், ஆரணி, வந்தவாசிக்காரர்கள் வட ஆற்காட்டில் தேட வேண்டும். திருவண்ணாமலை, செங்கம் பக்கத்தவர்கள் தென் ஆற்காட்டில் தேட வேண்டும். வேங்கிக்கால் என்ற ஊர்ப் பெயரை அந்த வெள்ளைக்கார எழுத்துக்கூட்டலில் கண்டுபிடிக்க எனக்கே ஐந்து நிமிடம் ஆனது.

பெயர்களும் அப்படித்தான். முனுசாமி ‘மூன்சாமி’ ஆகி, அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. படையாட்சி ‘படையாச்சி’ என்றும், முதலி ‘மூட்லி’ என்றும் வழங்குகிறது. சாதிக் கட்டத்தில் எழுதியிருப்பதை வைத்து மட்டும் இவர் நம்மவர், இவர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கூலிக்கு ஆள் பிடித்த இடத்தில் வேலை கிடைப்பதற்காகச் சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. தகப்பன் பெயரும் கிராமமும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எங்களுக்கு அது பொருந்தியது வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய ரெக்கார்டில். தாத்தாவின் அப்பாவும் அவர் அப்பாவும் ஏரிக்குக் கீழே ஒரே சர்வே எண்ணில் பட்டாதாரர்களாக இருந்தது தெரிந்தது. அந்தப் பெயர் டர்பன் பதிவேட்டில் தகப்பன் பெயராக இருந்தது.

டர்பனில் அத்தை வீட்டில் நான்கு நாள் தங்கினேன். அவருக்குத் தமிழ் பத்து இருபது சொற்கள்தான். நானும் ஆங்கிலத்தில்தான் சமாளித்தேன். முதல் நாளே அவர் நிலத்தைப் பற்றித்தான் பேசினார், நம் நிலத்தைப் பற்றி அல்ல. ஒப்பந்தம் முடிந்ததும் அவருடைய தாத்தா கேட்டோ மேனர் என்ற இடத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்து, கீரையும் பீன்ஸும் மிளகாயும் போட்டு, டர்பன் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றிருக்கிறார். அந்தப் பணத்தில் அவர் மகன் மூன்று ஏக்கர் சொந்தமாக வாங்கினார். 1950-இல் தென் ஆப்பிரிக்க அரசு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்தது. கேட்டோ மேனர் வெள்ளையருக்கு என்று அறிவித்து, இந்தியர்களை வெளியேற்றினார்கள். அத்தை குடும்பத்துக்கு சாட்ஸ்வொர்த் என்ற குடியிருப்பில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. அவர் அப்பா அதற்குப் பிறகு மண்வெட்டியைத் தொடவே இல்லையாம். அந்தப் பழைய இடத்துக்கு என்னைக் காரில் அழைத்துப்போய், ‘இங்கே கிணறு இருந்தது’ என்று காட்டினார். புல் மேடுதான் தெரிந்தது.

‘பங்கு கேட்பான்’ என்று இங்கே நாம் பயப்படுகிறோமே, அவர்களும் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள்தான்.

கரும்பு விவசாயிகளுக்கு ஒரு செய்தி. டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்ப் என்ற இடத்தில் அவர்களுடைய கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோயம்புத்தூரில் கோ 421, கோ 312 ரகங்களைக் கலந்து எடுத்த விதையை அங்கே அனுப்பி, முளைத்த நாற்றுகளில் தேர்ந்தெடுத்த ரகம்தான் என்.கோ 310. ‘என்’ என்றால் நேட்டால், ‘கோ’ நம் கோயம்புத்தூர். 1940-களில் வெளியான அந்த ரகம் நேட்டாலை மட்டுமல்ல, இன்னும் பல நாடுகளையும் பிடித்துக்கொண்டது. அதே ஊரில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று கூட்டம் தாங்காது. தோட்டத்தில் விடுமுறை கிடைத்த நாளில்தானே திருவிழா வைக்க முடியும்! ஆடியில் நாம் கூழ் ஊற்றுவதை அவர்கள் ஆங்கிலத்தில் ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்கிறார்கள். திரௌபதி அம்மன் தீமிதியும் உண்டு. நம் தெருக்கூத்துக்கு அங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர். மொழி போய்விட்டது, அடவு போகவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். விசா முன்கூட்டியே வாங்க வேண்டும். உறவினரின் அழைப்புக் கடிதம் கை கொடுக்கும். அரசு ஊழியராக இருந்தால் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். ஆப்பிரிக்காவின் வேறு நாட்டு விமான நிலையம் வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். மொரிஷியஸ் உறவு என்றால் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியோர் பதிவேடுகள் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படம்கூடக் கிடைக்கும். பிஜிக்குப் போனவர்களின் குடியேற்றச் சீட்டிலும் கிராமத்தின் பெயர் உண்டு. மலேயா, இலங்கைக்குக் கங்காணி பிடித்துப் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கு ஆள் பதிவு கிடைப்பது கடினம். வீட்டில் இருக்கும் பழைய கடிதம், மணியார்டர் ரசீது, கல்யாணப் பத்திரிகைதான் வழி. பெட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் கொளுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து இளம்பிள்ளைகள் வர விரும்பினால், தமிழ்நாடு அரசின் ‘வேர்களைத் தேடி’ திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அயலகத் தமிழ் இளைஞர்களை இங்கே அழைத்து வந்து சுற்றிக் காட்டுகிறார்கள்.

புறப்படும்போது ஊர் மண்ணையும் விதையையும் முடிந்து எடுத்துப்போக எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம். மண்ணில் நூற்புழுவும் பூஞ்சாணமும் கூடவே போகும். தாவரச் சுகாதாரச் சான்றும் இறக்குமதி அனுமதியும் இல்லாத விதையை அங்கே பறிமுதல் செய்வார்கள். நான் எடுத்துப் போனது எங்கள் சர்வே எண்ணின் புலப்படம் ஒன்றும், பழைய பட்டாதாரர் பெயர் இருந்த பக்கத்தின் நகலும்தான். அத்தை அந்தப் புலப்படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, தெற்கு எது, ஏரி எந்தப் பக்கம், தண்ணீர் எங்கிருந்து பாயும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பென்சிலால் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டார்.