உறையில் கேட் 6, உள்ளே அலுமினியம்

வீட்டுக்கு இன்டர்நெட், கேமரா என்று ஒயரிங் இழுக்கும்போது பலரும் கேட்பது ஒன்றுதான்: கேட் 5இ போடுவதா, கேட் 6 போடுவதா? அதைவிட முக்கியமானது, உள்ளே ஓடுவது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்பது.

இரண்டாவதைக் கடைகளில் சிசிஏ என்பார்கள். விலை மலிவு, பெட்டியும் லேசாக இருக்கும். அதன் உறையில் 'கேட் 6' என்று அச்சடிப்பதே தவறு. அந்தத் தரத்துக்கான விதிகள் முழுச் செம்புக் கம்பியைத்தான் ஏற்கின்றன. 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகத்தைச் செம்பில் செய்த கேட் 5இ-யே தாங்கும். சிசிஏ 'கேட் 6'-க்கு அதுவே மேல்.

வேகம் குறைவதோடு போனால் பரவாயில்லை. இப்போது கேமராவுக்கான மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. பிஓஇ எனப்படும் இந்த முறையில் சுமார் 15 வாட்டில் தொடங்கி 90 வாட் வரை அனுப்பலாம். அதே தடிமனில் சிசிஏ-வின் மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் வோல்டேஜ் போதாமல் அணைந்து அணைந்து வரலாம். திருடன் வரும் நேரம் பார்த்து! கட்டுக்கட்டாகப் பைப்புக்குள் போகும் கேபிள்களில் சூடும் ஏறும். அலுமினியம் எளிதில் முறியும். சுவருக்குள் முறிந்தால் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.

வாங்கும்போதே கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு உள்ளேயும் சிவப்பாக இருக்கும். சிசிஏ வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

பொருளின் தரத்தையும் தூய்மையையும் தெரிந்துகொள்வது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. சிசிஏ என்று சொல்லியே விற்றால் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. அதனால் பில்லில் 'முழுச் செம்பு' என்று எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் மிச்சமாகும் வரி, பிறகு வழக்கையே மிச்சமில்லாமல் செய்துவிடும். உறையின் அச்சு தெரிய ஒரு துண்டுக் கேபிளையும் எடுத்து வையுங்கள்.

ஏமாந்திருந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதில் தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. தேவைப்பட்டால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

வணிக நோக்கத்துக்காக வாங்கும் நிறுவனங்களுக்கு மட்டும் இந்த வழி இல்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்குக் கடை நடத்துபவர் போகலாம்.