கருங்கூந்தலின் வெள்ளைப் பளபளப்பு

திருத்தணி முருகனுக்கு இறக்கப்படும் முடியில் பெரும்பகுதி கறுப்பு. அந்தக் கறுப்பின்மேல் ஓடும் பளபளப்போ கறுப்பல்ல. விழுகிற வெளிச்சத்தின் நிறமே அதற்கும். இந்த வேறுபாட்டைக் கணினிப் படத்தில் நம்பும்படி காட்டுவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

முடி இழை ஏறக்குறைய ஓர் உருளை. உள்ளே மெலனின் என்ற நிறமி. வெளியே நாட்டு ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில்கள். அவற்றின் விளிம்பு முடியின் நுனியை நோக்கியிருக்கும். சாய்வு சில டிகிரிதான் என்றாலும் ஒளி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

1989இல் ஜேம்ஸ் கஜியாவும் டிமோதி கேயும் வெளியிட்ட முறை, இழையில் பட்ட ஒளி கூம்பு வடிவில் தெறிப்பதாகக் கணக்கிட்டது. தலையைச் சுற்றி ஒளிப்பட்டை விழுவது இதனால்தான். கரடி பொம்மையின் ரோமத்துக்கு அது போதுமானதாக இருந்தது. மனிதத் தலைக்குப் போதவில்லை. ஒளி இழைக்குள் புகுவதை அந்த முறை கண்டுகொள்ளவே இல்லை.

2003இல் ஸ்டீவ் மார்ஷ்னர், ஹென்ரிக் வான் ஜென்சன், பின்னாளில் டூரிங் விருது பெற்ற பாட் ஹன்ராஹன் உள்ளிட்ட ஐவர், உண்மையான முடி இழைகளில் ஒளியைப் பாய்ச்சி அளந்தனர். மூன்று வழிகள் தெரிந்தன. மேற்பரப்பிலேயே தெறிக்கும் ஒளி நிறம் மாறாமல், செதில் சாய்வால் வேர்ப்பக்கம் சற்று விலகிச் செல்லும். இழையை ஊடுருவி மறுபக்கம் வெளியேறுவது இரண்டாவது. உள்ளே போய்ப் பின்சுவரில் மோதித் திரும்புவது மூன்றாவது. இது முடியின் நிறத்தை ஏந்திக்கொண்டு நுனிப்பக்கம் விலகிச் செல்லும்.

முடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.55. அதன்படி, செங்குத்தாக விழும் ஒளியில் 100க்கு ஏறத்தாழ 5 பங்குதான் மேற்பரப்பிலிருந்து திரும்பும். மீதி உள்ளே போகிறது. கருமுடியில் அதன் பெரும்பகுதியை மெலனின் விழுங்கிவிடுவதால், கண்ணுக்குத் தெரியும் மினுக்கம் பெரும்பாலும் அந்தச் சிறு பங்கே. நரைமுடியில் கதை வேறு. மாலை வெயிலுக்கு முதுகு காட்டி மலைப்படியில் நிற்கும் பாட்டியின் கூந்தல் ஓரம் ஒளிர்கிறது. பக்கத்தில் நிற்கும் பேத்திக்கு அவ்வளவு இல்லை. நரைத்த தலையில் ஒளி இழைக்கு இழை தாவிக்கொண்டே போகும். ஒரு தலையில் சுமார் ஒரு லட்சம் இழைகள் என்பதால் கணக்கும் நீளும். கறுப்புக்குச் சில தாவல்களே போதும்.

மொட்டைத் தலை இதைவிட எளிது என்று தோன்றலாம். ஆனால் தோலுக்குள் ஒளி புகுந்து பரவுவது தனித் தலைவலி; மேலே சந்தனமும் பூசிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கூந்தலில் தடவும் தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, முடியினுடையதற்கு அருகில். அது செதில்களுக்கு இடையிலுள்ள படிகளை நிரப்புவதால் மேற்பரப்பு வழவழப்பாகிறது. இழைகளும் கற்றையாக ஒட்டிக்கொள்கின்றன. எனவே எண்ணெய் வைத்த பின்னலைக் கணினியில் வரைபவர் நிறத்தைத் தொட வேண்டியதில்லை. சொரசொரப்பைக் குறைத்து, இழைகளைக் கற்றையாகச் சேர்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.